தஞ்சைப் பெரிய கோயிலில் அடிபட்ட தியோடலைட்: 1808 விபத்தும் அதன் கணக்கும்

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே ஒரு பெரிய பெட்டியைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தது 36 அங்குல விட்டமுள்ள கிடை வளையம் கொண்ட தியோடலைட், அதாவது நில அளவையில் கோணம் அளக்கும் கருவி. பெட்டி சுவரில் உரசாமல் இருக்க அதை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்த துணைக்கயிறு கைவிட்டது. பெட்டி ஊசலாடிப் போய்க் கோயில் சுவரில் மோதியது. அடி விழுந்த இடம், தொலைநோக்கியை மயிரிழை அளவில் திருப்பும் நுண்நகர்வுத் திருகும் அதைப் பிடித்து இறுக்கும் கிளாம்பும். அந்த அடி அப்படியே வளையத்துக்குள் இறங்கி, அளவுக்கோடுகள் வெட்டப்பட்டிருந்த வட்டத்தை வட்டம் இல்லாமல் ஆக்கியது.

தென்னிந்தியாவின் பெரும் முக்கோண அளவையை நடத்திய வில்லியம் லாம்டன் ஆறு வாரத்தில் அதைத் தம் கையாலேயே சீர்செய்தார் என்பது நில அளவை வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. கதை பெரும்பாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். கருவி முன்போல ஆயிற்று, வேலை தொடர்ந்தது என்ற எண்ணமும் படிப்பவருக்கு வந்துவிடும். அது சரியல்ல. வளையத்தின் வடிவம் ஏறக்குறைய மீண்டது. வளையத்தின் மேலிருந்த பிரிவுக்கோடுகள் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்க வழியே இல்லை. அந்தக் குறையோடு எப்படி அளந்தார்கள், குறை எங்கே தெரியும், எங்கே ஒளிந்துகொள்ளும் என்பதே இந்த நிகழ்வில் பார்க்க வேண்டிய விஷயம்.

கருவி

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை முக்கோணங்களால் அளக்கலாம் என்று யோசனை சொன்னவர் 33ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த லாம்டன். சென்னை அரசு ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தரத்துக்கான கருவிகள் இந்தியாவில் ஏறக்குறைய இல்லை. சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோன கருவிகளில் சில விற்பனைக்கு வந்திருந்தன. அவற்றிலிருந்து லண்டன் கருவிவினைஞர் ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியும், விண்மீன்களின் உச்சித் தொலைவை அளக்கும் 5 அடி ஆரமுள்ள செனித் செக்டரும் கிடைத்தன. கோணம் அளக்கும் முக்கியக் கருவி மட்டும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் லண்டனின் வில்லியம் கேரி. முன்மாதிரி, ஜெனரல் ராய் இங்கிலாந்தில் 1787இல் பயன்படுத்திய ராம்ஸ்டனின் 36 அங்குலத் தியோடலைட். கேரி செய்ததில் கிடை வளையம் 36 அங்குலம், செங்குத்து வளையம் 18 அங்குலம். மொத்த எடை சுமார் அரை டன். வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் இருப்பது என்னவென்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். அது வந்து சேர்ந்தபோது 1802இன் பிற்பகுதி. பரங்கிமலை அடிவாரத்தில் அடிக்கோடு, அதாவது முக்கோணக் கணக்குக்கு அடிப்படையாகச் சங்கிலியால் தரையில் நேரடியாக அளக்கும் கோடு, அளந்து முடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

கருவியின் பாகங்களை விபத்துக்குத் தேவையான அளவில் சொல்லிவிடலாம். நடுவில் செங்குத்தான அச்சு. அச்சின் மையத்திலிருந்து வண்டிச் சக்கரம்போல ஆரக்கால்கள் விரிந்து பித்தளை வளையத்தைத் தாங்கும். வளையத்தின் மேல்முகத்தில் பாகைகளும் உட்பிரிவுகளும் மெல்லிய கோடுகளாக வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கோடுகளை எதிரெதிரே நிற்கும் இரண்டு நுண்ணோக்கிகள் வழியே படிப்பார்கள். நுண்ணோக்கிக்குள் கோடுகளுக்கு இடைப்பட்ட சிறு அளவைப் படிக்க மைக்ரோமீட்டர் திருகு உண்டு. தொலைநோக்கியைக் கையால் ஏறக்குறையத் திருப்பி கிளாம்பை இறுக்கிவிட்டால், பிறகு நுண்நகர்வுத் திருகுதான் அதை மயிரிழை அளவில் நகர்த்தும். சர்வேயர்கள் இன்றும் இதை டேஞ்சன்ட் ஸ்குரூ என்றே சொல்வார்கள். இது வளையத்தின் விளிம்போடு கிளாம்பால் பிணைந்த பாகம், வெளியே துருத்தி நிற்பதும் இதுதான். மோதல் இங்கே விழுந்தால் விசை பரவாது. ஒரே புள்ளியில் வளையத்தை உள்ளே தள்ளும். அடிபட இதைவிட மோசமான இடம் அந்தக் கருவியில் இல்லை.

ஏன் கோயில் மேல் ஏற்ற வேண்டும்?

லாம்டனின் வேலை மேட்டு நிலத்தில் எளிது. ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்று 30 மைல், 40 மைல் தள்ளித் தெரியும். காவிரிக் கழிமுகத்தில் குன்றே கிடையாது. வயல், அதன் வரப்பில் தென்னை, பனை, நடுவே ஊர். தரையில் நின்றால் அரை மைல் தாண்டிப் பார்வை போகாது.

மரம் மட்டும் தடை என்றால் வெட்டிவிடலாம். பூமியின் வளைவு இன்னொரு தடை. காற்றில் ஒளி வளைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மைலில் சொன்ன தூரத்தின் வர்க்கத்தை 0.57ஆல் பெருக்கினால் வரும் அடி அளவுக்குத் தரை கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும். 30 மைல் இடைவெளியில் இரு நிலையங்கள் இருந்தால், பார்வைக்கோடு நடுவில் தரையைத் தொட்டுச் செல்லவே ஒவ்வொரு முனையும் 15 × 15 × 0.57, அதாவது 128 அடி உயரத்தில் இருக்க வேண்டும். நடுவில் 60 அடிப் பனந்தோப்பு இருந்தால் 188 அடி. தஞ்சையில் அந்த உயரத்தில் நின்றது ஒன்றே ஒன்று: 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த, சுமார் 216 அடி என்று சொல்லப்படும் விமானம்.

சாரம் கட்டி மேடை எழுப்பலாமே என்று கேட்கலாம். 190 அடிச் சாரம் காற்றில் ஆடும். தொலைநோக்கி ஆட்டம் தாங்காது. மேலே ஆள் கால் மாற்றி நின்றாலே அளவு நகர்ந்துவிடும். கருங்கல் விமானம் ஆடாது. லாம்டன் இந்தப் பகுதியில் கோபுரங்களை நிலையங்களாகப் பயன்படுத்தியதற்கு இந்த உறுதியும் ஒரு காரணம். தேர்வு தவறென்று சொல்ல முடியாது. தவறியது ஏற்றம்.

ஏற்றத்தில் எது தவறும்?

கோபுரத்துக்கோ விமானத்துக்கோ பாரம் ஏற்றுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நேர்ச்சுவரில் உச்சியில் ஒரு உத்தரத்தை நீட்டி, கப்பி மாட்டி, பாரத்தை நேராகத் தூக்கலாம். தஞ்சை விமானம் கீழே சுமார் 100 அடி அகலத்தில் தொடங்கி, பதின்மூன்று நிலைகளாக ஒடுங்கிக்கொண்டே போகிறது. உச்சியிலிருந்து தொங்கும் கயிறு கீழ்நிலைகளின் மேல் படுக்கும். நிலைக்கு நிலை துருத்திக்கொண்டிருக்கும் கொடுங்கைகளும் சிற்பங்களும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டாவது கயிறு ஒன்றால் பெட்டியை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே ஏற்ற வேண்டும். தஞ்சையில் கைவிட்டது இந்தத் துணைக்கயிறுதான். பாரம் தாங்கிய கயிறு அறுந்திருந்தால் சீர்செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.

துணைக்கயிற்றைப் பொதுவாகக் குறைவாகவே மதிப்பார்கள், பாரம் அதில் இல்லை என்ற எண்ணத்தில். கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. பெட்டியைச் செங்குத்திலிருந்து பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வெளியே பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கயிறு கிடையாக இழுத்தால் அதில் வரும் இழுவிசை பாரத்தில் பத்தில் ஒரு பங்கு. கயிற்றைத் தரையில் நின்று பிடித்தால் அது சாய்வாகவே இழுக்கும். பக்கவாட்டில் இழுப்பதோடு கீழ்நோக்கியும் இழுக்கும். கயிறு தரையோடு 60 பாகை சாய்ந்திருக்கும்போது இழுவிசை பாரத்தில் கால் பங்கை நெருங்கும். பெட்டி இன்னும் ஏறி, சாய்வு 75 பாகை ஆகும்போது 0.6 பங்கைத் தாண்டும். மேலே போகப் போகக் கீழே பிடித்திருப்பவர்கள் அதே தூரத்தில் நிற்பார்கள். கயிறு செங்குத்தாகிக்கொண்டே வரும். இழுவிசை மடங்கு மடங்காக ஏறும். ஏற்றம் முடியப்போகும் நேரத்தில்தான் துணைக்கயிறு மிக அதிகமாக வேலை செய்கிறது. கோபுரத் திருப்பணியில் கலசம் ஏற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். துணைக்கயிற்றைப் பாரக்கயிற்றின் கனத்திலேயே போட வேண்டும். பெட்டி ஏற ஏறப் பிடிப்பவர்கள் பின்னோக்கி நகர வேண்டும்.

கயிறு போன பிறகு என்ன வேகத்தில் மோதும்? மேலே மீதி 60 அடிக் கயிறு இருக்க, பெட்டி 6 அடி வெளியே தள்ளி நின்றிருந்தால், ஊசலின் அடிப்புள்ளியில் வேகம் நொடிக்கு 4.4 அடி. ஒருவர் நடக்கும் வேகம்; நாலு அங்குல உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 அடி தள்ளி நின்றிருந்தால் அந்த வேகம் 11 அடி, ஏறக்குறைய இரண்டு அடி உயரத்திலிருந்து போட்ட கணக்கு. பல நூறு ராத்தல் பித்தளை, எதிரே கருங்கல், இடையில் ஒரு மரப்பெட்டி. இருந்தும் கருவி உடையாமல் வளைந்ததோடு போனதற்குப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

சேதத்தை மதிப்பிடுதல்

இந்தக் கருவியில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு, வளையத்தின் விளிம்பில் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஆரம் 18 அங்குலம். கணக்கிட்டால் 0.000087 அங்குலம், அதாவது 2.2 மைக்ரான். கண்ணுக்கு மட்டுமல்ல, கைக்கும் எட்டாத அளவு. வளையம் முட்டை வடிவத்தில் மிக இலேசாகக் கோணி, ஒரு பக்கம் ஆரம் 0.005 அங்குலம் கூடி, அதற்குச் செங்குத்தான பக்கம் அதே அளவு குறைந்திருந்தால், கோடுகள் தம் இடத்திலிருந்து அதிகபட்சம் 29 விகலை வரை விலகும். 30 மைல் தூரத்தில் ஒரு விகலை என்பது 9 அங்குலத்துக்குச் சற்று மேல். 29 விகலைக்கு 22 அடி. கண்ணால் பார்த்தால் வட்டமாகவே தெரியும் வளையம் 30 மைலுக்கு அப்பால் உள்ள கொடியை 22 அடி தள்ளிக் காட்டும்.

லாம்டனுக்கு நேர்ந்த கோணல் இதைவிட மிகப் பெரியது, கண்ணுக்கே தெரிந்தது. ஆரக்கால்களும் வளைந்திருந்தன. புதுக் கருவிக்கு எழுதிப்போட்டால் இங்கிலாந்திலிருந்து வரப் பல மாதங்கள், போர்க்காலத்தில் அதற்கும் மேல். இடையில் அளவை நின்றால் அரசு மொத்தமாக நிறுத்திவிடக்கூடும். சீர்செய்ய முயல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

சீர்செய்த விதம்

நமக்குக் கிடைக்கும் விவரம், லாம்டனுக்குப் பின் இந்த அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதிவைத்தது. அவர் அளவையில் சேர்ந்ததே 1818இல். விபத்தை அவர் நேரில் பார்க்கவில்லை. லாம்டனிடமும் உடனிருந்தவர்களிடமும் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதே கருவியைப் பின்னால் கையாண்டவர், இலேசில் யாரையும் பாராட்டாதவர் என்பதால் அவர் சொன்னதை நம்பலாம்.

லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் அடைந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கருவியை முழுவதுமாகப் பிரித்தார். பெரிய தட்டையான பலகை ஒன்றில் வளையத்துக்கு இருக்க வேண்டிய சரியான அளவில் ஒரு வட்டத்தை வெட்டினார். வளையத்தை அதில் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி இவற்றால் உள்ளே போன பகுதியைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து, வெட்டிய வட்டத்தோடு பொருந்தும்வரை கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியலால் தட்டி நீளத்தையும் வடிவத்தையும் மீட்டார். ஆறு வாரம் பிடித்தது.

பித்தளையை வளைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் ஆறு வாரம் என்பது புரியும். பித்தளை முதலில் நெகிழ்ந்து கொடுக்கும். விட்டால் திரும்பிப் போகும். நிரந்தரமாக நிமிர வேண்டுமென்றால் தேவைக்குச் சற்று மேலே இழுத்து, விட்டுப் பார்த்து, மீண்டும் இழுக்க வேண்டும். சற்று அதிகம் இழுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் கோணும். ஏற்கெனவே ஒருமுறை வளைந்த இடம் இறுகிப் போயிருக்கும். அதை இழுத்தால் அது நிமிராமல் பக்கத்திலுள்ள மெதுவான பகுதி வளையும். ஆகவே திருகைக் கால் சுற்று திருப்புவது, ஒரு இரவு விடுவது, அளப்பது என்றுதான் வேலை நகரும். இரும்புச் சுத்தியல் பட்டால் பித்தளை அந்த இடத்தில் நசுங்கி நீளும், ஆரக்கால் நீண்டுபோகும். மரச்சுத்தியலைத் தேர்ந்தது அதனால்தான். சூடேற்றி மென்மையாக்கினால் வேலை சுலபம், ஆனால் வெட்டிய கோடுகளுக்கும் வளையத்தின் தட்டைத்தன்மைக்கும் அதோடு முடிவு.

அளவுகோலாக இருந்தது பலகை என்பதைக் கவனிக்க வேண்டும். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதிலும் நார்வாக்கில் மிகக் குறைவாகவும் நாருக்குக் குறுக்கே பல மடங்கு அதிகமாகவும். அதாவது பலகையில் வெட்டிய வட்டம் வானிலை மாறினால் தானே முட்டை வடிவமாகும். மூன்றடி வட்டத்தில் இது ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கைச் சுலபமாகத் தாண்டிவிடும். பலகையின் துணையோடு கொண்டுவரக்கூடிய துல்லியம் எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம். மேலே பார்த்தபடி, அதுவே பத்துப் பதினைந்து விகலை.

இன்னொன்று, வடிவம் முழுமையாகத் திரும்பினாலும் மீளாதது. திருகு மோதிய இடத்தில் வளையத்தின் வெளிவிளிம்பு அமுங்கியது, உள்விளிம்பு நீண்டது. திரும்ப இழுத்தபோது அதே இழைகள் மறுபடி எதிர்த்திசையில் வேலை செய்தன. அந்தப் பகுதியின் கோடுகளுக்கு இடையிலான தூரம் பழைய தூரமாக இருக்காது. இதற்குக் கைமருத்துவம் கிடையாது. வளையத்தைத் தேய்த்துவிட்டு எல்லாக் கோடுகளையும் புதிதாக வெட்டுவது ஒன்றே வழி. அந்த வசதி 1808இல் இந்தியாவில் எங்கும் இல்லை.

குறை எங்கே ஒளியும்?

எதிரெதிரே இரண்டு நுண்ணோக்கிகள் இருப்பது மையப் பிழையைப் போக்குவதற்காக. வளையத்தின் மையமும் அச்சின் மையமும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் விலகியிருந்தாலே 11 விகலை பிழை வரும். ஒரு பக்கம் கூடினால் எதிர்ப்பக்கம் அதே அளவு குறையும்; இரண்டின் சராசரியில் பிழை மறைந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முட்டை வடிவக் கோணலுக்கு இது உதவாது. அந்தக் கோணலில் எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டும் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகும். சராசரி எடுத்தாலும் பிழை முழுசாக நிற்கும். பெட்டி மோதி வளையத்தை ஒரு பக்கம் உள்ளே தள்ளியதில் மிகுதியாக வந்திருக்கக்கூடியது இந்த வகைக் கோணல். அதாவது கருவியில் ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு, வந்த காயத்துக்குப் பொருந்தாத பாதுகாப்பு.

சோதனை செய்யும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு நிலையத்தில் நின்று சுற்றிலுமுள்ள எல்லாக் கோணங்களையும் அளந்து கூட்டினால் 360 பாகை வர வேண்டும். வந்துவிட்டால் கருவி சரி என்று நினைக்கத் தோன்றும். கோணல் வளையத்திலும் 360 சரியாகவே வரும். தொடங்கிய கோட்டிலேயே வந்து முடிவதால், வழியில் கூடியதும் குறைந்ததும் தானாகக் கழிந்துவிடும். வளையம் எவ்வளவு மோசமாகக் கோணினாலும் இந்தச் சோதனை அதைக் காட்டாது.

காட்டிக்கொடுப்பது முக்கோணம். மூன்று நிலையங்களில் தனித்தனியே அளந்த மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகையும், பூமி உருண்டை என்பதால் அதற்கு மேல் சிறிது உபரியும் வரும். 30 மைல் பக்கமுள்ள முக்கோணத்தில் இந்த உபரி சுமார் 5 விகலை. அதைக் கழித்தபின் மிஞ்சுவது பிழை. ஒவ்வொரு நிலையத்திலும் வளையம் வேறு வேறு பகுதியில் படிக்கப்படுவதால், கோணல் இங்கே கழிந்து மறையாது. முக்கோணங்கள் தொடர்ந்து ஐந்து, ஆறு விகலைக்கு மேல் பிழை காட்டினால் சந்தேகப்பட வேண்டியது காற்றையல்ல, வளையத்தை.

பிழையைக் குறைக்க முறையும் உண்டு. ஒரே கோணத்தை வளையத்தின் பல பகுதிகளில் வைத்து அளப்பது: தொடக்கக் கோட்டை ஒருமுறை 0 பாகையில், அடுத்து 30இல், 60இல் என்று மாற்றிக்கொண்டே போய்ச் சராசரி எடுத்தால் கோணலின் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிடும். நேரம் பிடிக்கும் வேலை. லாம்டன் ஒவ்வொரு கோணத்தையும் பலமுறை அளந்தவர்தான். தொடக்கக் கோட்டை ஒழுங்காக மாற்றி அளப்பதை மீற முடியாத விதியாக்கியவர் எவரெஸ்ட்.

சங்கிலி தந்த காவல்

கோணக்கருவி சந்தேகத்துக்கு உரியதானால் முக்கோணத் தொடரை இழுத்துப் பிடிப்பது அடிக்கோடு மட்டுமே. 1802 ஏப்ரல் 10 அன்று தொடங்கி மே 22 அன்று முடித்த பரங்கிமலை அடிக்கோட்டின் நீளம் 40,006.44 அடி. ராம்ஸ்டன் சங்கிலி 100 அடி, இரண்டரை அடியில் 40 கண்ணிகள். அதைத் தரையில் போட்டு இழுப்பதில்லை. முக்காலிகள் மேல் வரிசையாக வைத்த மரத்தொட்டிகளில் கிடத்தி, திருகுகளால் மட்டம் பார்த்து, ஒரு முனையைப் பிணைத்து மறுமுனையில் எடை தொங்கவிட்டு, தொட்டிகளில் வெப்பமானிகள் வைத்துப் படித்து, பிறகே முனையைக் குறிப்பார்கள். இப்படி 400 முறை.

வெப்பமானி இல்லாமல் இந்த வேலைக்குப் பொருளே இல்லை. பாரன்ஹீட்டில் 10 பாகை வெப்பத்தைத் தவறாக எடுத்தால் எஃகு விரிவில் அடிக்கோடு முழுவதற்கும் இரண்டரை அடி தவறும். காலையும் நண்பகலும் சித்திரை வெயிலில் இதைவிட அதிகம் மாறும். தேய்மானம் இன்னொன்று: ஒவ்வொரு இணைப்பிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தேய்ந்தால் 40 கண்ணிக்கு 0.04 அங்குலம், 400 சங்கிலிக்கு 16 அங்குலம். அதனால்தான் ஒரு சங்கிலியைக் களத்துக்கே கொண்டுபோகாமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தனியே வைத்துக்கொள்வார்கள்.

1804இல் பெங்களூரில் இரண்டாவது அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது வேறுபாடு சில அங்குலம்தான். அடிபடுவதற்கு முன்பு கேரியின் வளையம் எவ்வளவு நல்லது என்பதற்கு இதுவே சான்று. விபத்துக்குப் பிறகு 1809இல் திருநெல்வேலி, 1811இல் கூட்டி (Gooty) என்ற ஊர், 1815இல் பீதர் என்று அடிக்கோடுகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றும் அதுவரை சேர்ந்த நீளப் பிழையை அங்கேயே வெட்டி நிறுத்தும். ஆனால் அடிக்கோடு நீளத்தைத்தான் திருத்தும். தொடர் முழுவதும் சிறிது சிறிதாகத் திசை திரும்பியிருந்தால் அதைத் தட்டிக்கேட்க விண்மீன் பார்த்து எடுத்த திசையளவுதான் உண்டு. லாம்டனுக்குப் பின் வந்தவர்கள் அவர் வேலையில் குறை கண்டதை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அவர்கள் தரம் உயர்ந்திருந்தது, அவர் கருவி தாழ்ந்திருந்தது, இரண்டும் உண்மை.

பிறகு

லாம்டன் 1823 ஜனவரியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் அந்தத் தியோடலைட்டைச் சிறிது காலம் பயன்படுத்தி, நம்பிக்கை இழந்து, 1825இல் இங்கிலாந்து போனார். 1830இல் திரும்பியபோது டிராட்டன் அண்டு சிம்ஸ் செய்த புதிய 36 அங்குலத் தியோடலைட்டோடு வந்தார். அதில் ஐந்து நுண்ணோக்கிகள். எண்ணிக்கை ஆடம்பரத்துக்காக இல்லை. சம இடைவெளியில் ஐந்து நுண்ணோக்கிகளின் சராசரியில் மையப் பிழை மறையும், முட்டை வடிவக் கோணல் மறையும், மூன்று முனை, நான்கு முனைக் கோணல்களும் மறையும். ஐந்தின் மடங்குகளில் வருவது மட்டும் மிஞ்சும். தஞ்சையில் இரண்டு நுண்ணோக்கிகள் காணத் தவறியதை ஐந்து கண்டிருக்கும்.

கேரியின் தியோடலைட்டைத் தூக்கிப் போடவில்லை. 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கருவிவினைஞராக வந்த ஹென்றி பாரோ அதைப் பிரித்து ஏறக்குறையப் புதிதாகவே செய்துகொடுத்தார். பாரோவுக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் ஆற்காட்டுக்காரரான சையது மீர் மோசின் உசேன். சென்னையில் நகைக்கடைத் தொழிலில் இருந்து, நுணுக்க வேலைத் திறத்தால் அளவைத் துறைக்கு வந்தவர். வளையங்களில் கோடு பிரிக்கும் வேலை இந்தியாவிலேயே செய்யத்தக்கதாக ஆனது இவர்கள் காலத்தில்தான். 1808இல் இல்லாமல் போன வசதி அதுவே.

சமவெளியில் கோயில் தேடும் பழக்கமும் நின்றது. கங்கை–யமுனை இடைநிலத்தில் எவரெஸ்ட் சுமார் 50 அடி உயரக் கட்டுமானக் கோபுரங்களை எழுப்பினார். முக்கோணப் பக்கங்களைக் குறைத்து, வழியிலிருந்த மரங்களை வெட்டி, இரவில் விளக்கு வைத்து அளந்தார். 15 மைல் பக்கத்துக்கு மேலே சொன்ன கணக்கில் ஒவ்வொரு முனைக்கும் 32 அடி போதும். பக்கம் பாதியானால் தேவைப்படும் உயரம் காலாகிறது. அரை டன் கருவியை 200 அடி ஏற்ற வேண்டிய தேவையே எழாது. செலவு மட்டும் பல மடங்கு. லாம்டனின் அரசு அந்தச் செலவுக்கு ஒருபோதும் ஒத்துக்கொண்டிருக்காது.

தெற்கே லாம்டன் அளந்த தொடரை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1860களின் பிற்பகுதியில் பெங்களூரிலும் கன்னியாகுமரியிலும் அடிக்கோடுகளைச் சங்கிலிக்குப் பதில் கால்பி என்பவர் வடிவமைத்த ஈருலோகக் கம்பிகளால் அளந்தார்கள். பித்தளையும் இரும்பும் வெவ்வேறு அளவில் விரிவதைக் கொண்டே முனைப்புள்ளிகள் நகராமல் நிற்கும்படி செய்த கம்பிகள் அவை. இடைப்பட்ட முக்கோணங்களைப் புதிய தியோடலைட்டுகளால் திரும்பப் பார்த்தார்கள். அந்த வேலை 1870களில் முடிந்தது. அதன் பிறகு தென்னிந்திய வரைபடங்களுக்கு அடிப்படையாக நின்றவை இந்த மறு அளவையின் எண்கள்.